ஆயில் விளக்கு அணைந்த செய்தி

திருமலைராயன்பட்டினம் வாழ் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில்: நேற்று ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு, எங்கள் வீட்டுக் காரில் மிளகளவுச் சிவப்பு விளக்கு ஒன்று அணைந்துவிட்டது. குண்டு முழங்கவில்லை, கொடி ஏறவில்லை. என் நகக்கண்ணில் போகாமல் நிற்கும் எண்ணெய் வாடை மட்டும் சாட்சி. அந்த வாடைதான், எங்கள் டிரைவர் நானா, உங்களுக்கு இதை எழுதச் சொல்கிறது. பினாங்கு மண்ணில் அடங்கியவருக்குத் தபால் சேராது. ஆனாலும் இதை முதலில் கேட்க வேண்டியவர் நீங்கள்.

எங்கள் காரை ஓட்டிய மூன்று வருடமும் உங்களை நான் சும்மா விட்டதில்லை. ஒருநாள் புகைக்குழாயில் கத்தரிக்காயைச் செருகிவிட்டு ஒளிந்து நின்றேன். நீங்கள் வண்டியைக் கிளப்பவே இல்லை. காயை உருவிக் கழுவி, சமையற்கட்டில் கொடுத்து, "தம்பி வெளைச்சல். அவனுக்கே ஆக்கிப் போடுங்க உம்மா" என்றீர்கள். அன்று பகல் என் சோற்றில் அது மட்டும் தனியாகக் கிடந்தது.

பிறகு அந்த விளக்கு வந்தது. என்ஜினில் எண்ணெய் அழுத்தம் குறைந்தால் எரிய வேண்டியது, குறையாமலே எரிந்தது. வாப்பா கோட்டுச்சேரி கார் மேஸ்திரியை வரவழைத்தார். நாடி பிடிக்காமலே பிணம் சுற்றும் கஃபன் துணி கிழிக்கிற வைத்தியர் அவர்.

"எண்ணெ ஊத்தாம ஓட்டிட்டான் மொதலாளி. என்ஜின் முடிஞ்சுது."

"சத்தத்தக் கேளுங்க மேஸ்திரி, சுத்தமா இருக்கு. வெளக்குக்குக் கம்பி போற சுவிச்சுதான் கெட்டிருக்கு. கழட்டிட்டு என்ஜினச் சுத்திப் பாருங்க, ஓட்டையில எண்ணெ பீச்சும்" என்றீர்கள் நீங்கள்.

"நீ ஸ்டீரிங்கப் புடி. என்ஜினுக்குள்ள வாய வைக்காத."

வாப்பா அவரை நம்பினார். கார் கொட்டகைக்குள் போனது. மறுமாதம் நீங்கள் நாகப்பட்டினத்தில் பினாங்குக்குக் கப்பலேறினீர்கள். ஆறாம் மாதம் காய்ச்சலில் மவுத்தான செய்தி வந்தது. அதற்குப் பிறகும் தெருவில் உங்கள் பெயர் 'என்ஜினைக் கொன்னவன்'. பதில் சொல்ல நீங்கள் இல்லாதபோது அவர்கள் அப்படிச் சொன்னதில்தான் எனக்கு நெஞ்சு எரிந்தது.

மேஸ்திரியைச் சும்மா விடுவேனா? கருக்களாச்சேரியில் வாங்கிய கருவாட்டை அவர் பட்டறைக் கூரையில் செருகினேன். மூன்று நாள் ஊர்ப் பூனைகளெல்லாம் அவரிடம் வேலைக்கு வந்தன. போதவில்லை. உங்கள் மீது சுமத்திய பழியை அவரே, அதே தெருவின் முன்னால், எடுக்க வேண்டும்.

நாகப்பட்டினத்தில் புதுச் சுவிச்சு ஒன்று வாங்கினேன். நேற்று வாப்பாவையும் மேஸ்திரியையும் நிறுத்திவைத்துப் பழையதைக் கழற்றி என்ஜினைச் சுற்றினேன். ஓட்டையிலிருந்து எண்ணெய் பீய்ச்சி மேஸ்திரி வேட்டியை நனைத்தது. "பாத்தீங்களா மேஸ்திரி? செத்த என்ஜின் எச்சி துப்புது!" தெரு சிரித்தது. புதியதைப் பூட்டினேன். விளக்கு அணைந்தது. மேஸ்திரி தலை குனிந்தார். பழி தீர்த்தேன், நானா!

எழுதியதைப் படித்துப் பார்த்தேன். உங்களிடமே புளுகுகிறேன்.

எண்ணெய் பீய்ச்சியது மெய். நனைந்தது என் ஜும்ஆச் சட்டை. காரின் திருகு மரை பிரெஞ்சு மரை, நான் வாங்கி வந்ததோ இங்கிலீஷ் மரை. இரண்டு சுற்றில் நின்றதை ஸ்பானர் போட்டு மூர்க்கமாகத் திருகினேன். என்ஜினைக் கிளப்பியதும் சுவிச்சு தெறித்து, ஓட்டையின் மரையும் போனது. தெரு சிரித்தது என்னைப் பார்த்து. வாப்பா கையை ஓங்கினார்.

மேஸ்திரி நடுவே வந்தார். "விடுங்க மொதலாளி. எண்ணெ பீச்சுது பாருங்க." குனிந்து அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எல்லோருக்கும் கேட்கவே சொன்னார்: "அந்த டிரைவர் புள்ள சொன்னது சரி. நாந்தான் கழட்டிப் பாக்கல."

ஓட்டைக்குள் இறக்கப் பித்தளையில் புஷ் ஒன்று கடைந்து, புது மரை வெட்டி, நான் வாங்கிய சுவிச்சைப் பூட்டியவரும் அவர்தான். விளக்கு அணைந்தது அவர் கையில்.

அவருக்கென்று ஒரு வருடமாகச் சேர்த்துவைத்த வசவெல்லாம் நாக்கு நுனியில் நின்றது. வாய் திறந்தால், "டீ குடிக்கிறீங்களா மேஸ்திரி?" என்றுதான் வந்தது. நானே போட்டேன். உப்பு டப்பாவும் சர்க்கரை டப்பாவும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தன. கோபம் இன்னும் என்னிடமேதான் இருக்கிறது, நானா. ஆனால் சர்க்கரையைத்தான் போட்டேன். ரெண்டு கரண்டி. மன்னிச்சுக்குங்க.