பித்தளைக் காளியின் பாம்படம்

என் தோளில் உட்கார்ந்து தேர் பார்த்த மருமகனே, மந்திரமூர்த்தி,

நீ போன பிறகு உன் பெயரை நான் நன்றாகவே வளர்த்து வைத்திருக்கிறேன், கவலைப்படாதே. போன தசராவில் நீ செய்த காளியை ஒரு வெள்ளைக்காரன் படம் எடுத்தான் அல்லவா? இப்போது என் வாயில் அவர்கள் நாலு பேர். அதில் ஒருவர் ராஜ குடும்பம். வாழைத்தார் ஏலத்தில் நான் இதைச் சொல்ல ஆரம்பித்தால் ஏலமே நின்றுவிடும்.

ஆனால் இன்று எழுதுவது பெருமைக்காக இல்லை. நாளைக் காலையில் உன் காளி டிராக்டரில் ஏறிக் குலசேகரன்பட்டினத்துத் தசராவுக்குக் கிளம்புகிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

"கரண்டே கண்டுபிடிக்காம, நீராவியிலயே ஒலகம் ஓடிக்கிட்டு இருந்தா எப்படி இருக்கும் மாமா?" என்று அடிக்கடி கேட்பாய். எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்த என்னிடம் கேட்கிற கேள்வியா அது? "இருட்டா இருக்கும்லே" என்பேன். நீ சிரித்துவிட்டு, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரைய ஆரம்பிப்பாய். திருச்செந்தூர் லைனில் ஓடி ஓய்ந்த கரி எஞ்சின், மூடிப்போன அரிசி ஆலை, எதை உடைத்தாலும் பழைய இரும்புக் கடையில் முதல் ஆளாக நிற்பாய். அதில் நீ செய்ததுதான் ஆவியில் நடக்கிற பித்தளை நண்டு. தண்ணீர் கொதித்தால் கழுத்தை நீட்டுகிற கொக்கு. அந்தக் கொக்கு தாமிரபரணியில் இறங்கிக் கெண்டை பிடித்தது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அங்கே யாராவது கேட்டால் மறுத்துவிடாதே.

ஆனால் காளிக்கு நான் கூட்டிச் சொல்ல வேண்டியதே இருக்கவில்லை. நம் ஊர் தசராக் குழுவுக்காக நீ செய்த காளி. வயிற்றில் விறகு எரியும் பாய்லர், எட்டுக் கையும் அசையும், நாக்கு வெளியே வந்து போகும். முதுகுப் பக்கத்துக் கூண்டில் ஒரு ஆள் நின்று தீயைப் பார்த்துக்கொள்ள வேண்டும். காதில், நம் ஊர்க் கிழவிகள் போடுகிற மாதிரியே கனத்த பாம்படம். ஆவி அளவுக்கு மீறினால் அந்தப் பாம்படம் தானாக மேலே எழும்பும், மிச்ச ஆவி சீறிக்கொண்டு வெளியேறும். உயிர் காக்கிற வால்வை நகையாகச் செய்ய உன்னைவிட்டால் யாருக்குத் தோன்றும்? தீ மூட்டும் முன் ஒவ்வொரு தடவையும் அதைக் கையால் தூக்கிப் பார்ப்பாய். "மாமா, இவ காது ஆடணும். ஆடலேன்னா எல்லாரும் ஓடிருங்க" என்றாய்.

ஜனங்களுக்கு வால்வு தெரியுமா? காளி காதை ஆட்டுகிறாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் சும்மா இருப்பேனா? "வேண்டுதலைக் கேட்டுட்டாள்னா பாம்படத்தை ஆட்டிக் காட்டுவா" என்று ஆற்றுக்கு அந்தக் கரை வரைக்கும் சொன்னேன். நல்ல பேச்சு, சீக்கிரம் பரவியது.

ஆனியில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு பெண்கள் காளி நிற்கிற கொட்டகைக்கு வர ஆரம்பித்தார்கள். பாம்படத்தையும் கழுத்துக் கம்பியையும் சேர்த்து மஞ்சள் கயிறு கட்டினார்கள். ஒன்றின் மேல் ஒன்றாக, குங்குமமும் எண்ணெயும் அப்பி, இப்போது அது ஒரு தேன்கூடு மாதிரி இறுகிக் கிடக்கிறது. முதல் கயிறு யாருடையது தெரியுமா? உன் அம்மாவுடையது. உன் தம்பி சங்கரன்தான் இந்த வருஷம் கூண்டில் நிற்கிறான். மிஞ்சிய ஒரு பிள்ளையாவது நல்லபடியாகத் திரும்பி வர வேண்டும் என்று அக்கா கட்டிய கயிறு அது.

போன வாரம் வெள்ளோட்டம் பார்த்தார்கள். ஆவியின் அளவைக் காட்டும் முள் ஏறியது. நீ சிவப்பு மை வைத்த இடத்தைத் தாண்டியது. பாம்படம் அசையவில்லை. உள்ளேயிருந்து ஒரு உறுமல், மருமகனே. மாடு கத்தும் முன் தொண்டையில் உருளுமே, அது மாதிரி. கொட்டகைத் தகரமெல்லாம் நடுங்கியது. நான் எரிகிற விறகைக் கையாலேயே வெளியே இழுத்துப் போட்டேன். இந்தக் கடிதம் கோணலாக இருப்பது உள்ளங்கைக் கொப்புளத்தால்தான்.

"அந்தக் கயித்தையெல்லாம் அறுக்கணும், இல்லேன்னா வெடிச்சிரும்" என்றேன். குழுத் தலைவர் சுடலை அண்ணாச்சி தொடையைத் தட்டிச் சிரித்தார். "ஏன்வே, கொக்கு கெண்டை பிடிச்சுதுன்னீரு. ராஜா வந்தாருன்னீரு. இப்பம் காளி வெடிக்காளோ? இன்னும் ஒரு காப்பி குடிச்சிட்டு மீதியையும் சொல்லும்!"

சங்கரன் சிரிக்கவில்லை. "எங்கண்ணன் செஞ்சது தப்பாப் போவும்னு சொல்லுதீரா மாமா? முள்ளுதான் கெட்டிருக்கும்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

அக்காவிடம் போனேன். அவள் காளியின் காலடியிலேயே விரதம் கிடக்கிறாள். அவளோடு ஏழெட்டுப் பெண்கள். கொட்டகையில் ஆள் இல்லாத நேரமே கிடையாது. பைய அறுத்துவிட்டு வரலாம் என்பதற்கும் வழி இல்லை.

"யக்கா, அந்தக் கயிறு சங்கரனைக் காக்காது."

"ஏலே, ஒருத்தனைத் தூக்கிக் குடுத்துட்டு உக்காந்திருக்கேன். அதுல கத்தி பட்டுது, எனக்குத் தம்பியே கெடையாது, ஆமா."

வாழ்நாளில் நான் ஒன்றும் சேர்க்காமல் சொன்ன விஷயம் இது ஒன்றுதான். அதைத்தான் ஒருத்தரும் நம்பவில்லை.

இப்போது உச்சிப்பொழுது. தெருவில் தாரை தப்பட்டை பழகுகிறார்கள். சங்கரன் விறகை வெயிலில் காயவைத்துக்கொண்டிருக்கிறான், நன்றாக எரிய வேண்டுமாம். கொட்டகையைத் தாண்டும்போது பார்த்தேன். தீயே இல்லை, ஆனாலும் காளியின் வயிற்றில் கை வைத்தால் சுடுகிறது. வெயிலாகத்தான் இருக்கும். வேறு என்னவாக இருக்க முடியும்?

ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். என் உண்மை விலை போகாது. என் பொய் எப்போதும் போகும். நாளைக்குத் தீ மூட்டும் முன், மேளம் உச்சத்துக்குப் போகும்போது, நான் சாமியாடப் போகிறேன். எனக்கு இதுவரை எந்தச் சாமியும் வந்ததில்லை. வந்ததாகச் சொல்லியிருக்கிறேன், அது வேறு. "என் காதைக் கட்டுனது யாருடா, அவுத்து விடுங்கடா" என்று அவள் குரலில் கத்துவேன். அவிழ்த்த கயிற்றையெல்லாம் அவள் காலில் போடச் சொல்வேன். அக்கா தன் கையாலேயே அவிழ்க்கட்டும்.

அவள் பெயரால் பொய்யாக ஆடியவர்களுக்கு என்ன ஆனது என்று நானே எத்தனை கதை சொல்லியிருக்கிறேன். அதில் எது நான் கட்டியது, எது நடந்தது என்று இன்றைக்கு எனக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவள் கணக்குக் கேட்டால் என்னைக் கேட்கட்டும். சங்கரனைக் கேட்க வேண்டாம்.

ஒருவேளை அதையும் சிரித்துத் தள்ளிவிட்டார்கள் என்றால், சங்கரன் தீக்குச்சியைக் கிழிக்கும்போது அந்தக் கூண்டுக்குள் நானும் ஏறி நிற்பேன். இரண்டு பேர் நிற்க இடம் இல்லை, தெரியும். முள் சிவப்பைத் தொட்டதும் அவனைத் தூக்கி வெளியே எறிவேன். எந்த நிலையிலும் உன் தம்பியை அவளோடு தனியாக விடமாட்டேன். இதில் ஒரு சொல்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை, மருமகனே. நீயாவது நம்பு.

உனக்குக் காது குத்தியபோது மடியில் வைத்துப் பிடித்துக்கொண்ட
உன் தாய்மாமன்,
பால்வண்ணம்