தோரில் கட்டாத குதிரை

ஜாண்டோஸ்,

மீன்தொட்டியில் இப்போதே தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். "வாசலுக்கு எதிர்ல, விருந்தாளியை மரியாதையா உட்கார வைக்கிற தோர்லதான் வைப்பேன்" என்று நேற்று குதித்தீர்களே, அங்கே சுவர் என்று இருப்பது வெறும் பலகைத் தடுப்பு. கீழ்வீட்டு எஞ்சினியர் காலையில் வந்து மரத்தரையைத் தட்டிப் பார்த்தார்.

"தண்ணி நிரப்பினா ஒரு குதிரை கனம்மா! வாசல் பக்கம் கெட்டிச் சுவரை ஒட்டி, உத்தரங்களுக்குக் குறுக்கால வைங்க. இல்லேன்னா என் சூப்புல உங்க மீன் நீந்தும்" என்றார்.

மீனை வாசலில் உட்காரவைத்தால் மரியாதை இல்லை என்பீர்கள். எந்தக் கசாக் வீட்டில் குதிரையைத் தோரில் கட்டுகிறார்கள்?

ஆட்டுச் சூப் அடுப்பில் இருக்கிறது.

ஷினார்

பி.கு: கோபித்துக்கொண்டு நேற்று நீங்கள் படுத்த வாசலோரம் இனி தொட்டிக்கு. உங்கள் மெத்தையைத் தோரில் போட்டிருக்கிறேன், என் மெத்தைக்குப் பக்கத்தில்.