தினமும் பதினொரு நிமிடம்

அப்பாவுக்கு மகளின் வணக்கம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? "எல்லாம் சரியாயிடுச்சு" என்று அம்மா சொல்வதை நான் நம்பவில்லை. நான் நலம்.

இங்கே ஒரு வேடிக்கை. எங்கள் செருப்புக் கம்பெனி இணையதளத்தை இந்த நிமிடம் யார் பார்க்கிறார்கள் என்ற கணக்கை, போன வாரம் ஏஐ உதவியாளரோடு நேரடியாக இணைத்தேன். நாலே நாளில் அது மேனேஜரிடம் போட்டுக் கொடுத்துவிட்டது. யாரோ ஒருவர் தினமும் வருகிறாராம். செருப்பு எதையும் பார்க்காமல், ஊழியர்களின் படம் உள்ள பக்கத்திலேயே பதினொரு நிமிடம் இருக்கிறாராம்.

"போட்டிக் கம்பெனி வேலைம்மா இது. நம்ம ஆளுங்கள இழுக்கப் பாக்குறாங்க. பிளாக் பண்ணிடு" என்றார் மேனேஜர்.

எனக்கு அந்த ஏஐ மேல்தான் சந்தேகம். முன்பெல்லாம் வாய்க்கு வந்தபடி அளக்கும். நானே கணக்கைத் திறந்து பார்த்தேன். ஊர், நம் ஊர். நேரம், காலையில் அம்மா குளிக்கப் போகும் நேரம்.

நான் கிளம்பி வந்ததிலிருந்து நீங்கள் போனில் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவிடம் விசாரித்தால், "அவருக்கு நெட்டெல்லாம் எங்கடி தெரியும்?" என்கிறாள். உங்கள் மேல் சந்தேகம் இன்னும் வலுத்துவிட்டது.

"அது கஸ்டமர் சார். ரொம்ப யோசிச்சு வாங்குற ரகம்" என்று மேனேஜரைச் சமாளித்து வைத்திருக்கிறேன்.

என் சாம்பல் நிற ஸ்வெட்டரை அனுப்பச் சொல்லி அம்மாவிடம் சொல்லுங்கள். துவைக்க வேண்டாம், வீட்டு வாசனையோடு அப்படியே அனுப்பட்டும். இத்துடன் என் புகைப்படம் ஒன்று வைத்திருக்கிறேன். அதற்காகக் காலையில் வருவதை நிறுத்திவிடாதீர்கள். நானும் அந்த நேரத்துக்குத் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஆபீஸ் பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

உங்கள் மகள்