அடுப்படிக்கு வந்த குழாய்

தியாரெத் அருகே,
3 மார்ச் 1988

பிஸ்மில்லாஹ்.

அன்புள்ள நவாலின் வாப்பாவுக்கு, ஹூரியாவின் ஸலாம்.

செவ்வாய்க்கிழமை நம் வாசலில் இருந்தவர்கள்: நான், நம் மகள் நவால், உங்கள் தம்பி பெல்காசெம், எரிவாயுக் குழாய்க்கு நிலம் அளக்க வந்த இருவர். பாலைவனத்திலிருந்து கடலுக்குப் போகும் இரண்டு குழாய்கள் போதவில்லையாம். பக்கத்திலேயே மூன்றாவது பதிக்கிறார்கள். சிவப்புத் துணி கட்டிய முளை என் அடுப்படிச் சுவரில் வந்து நின்றது.

“மதினி, குழாய் ஓரமா வீடு கட்டுனா கேஸ் மொதல்ல நமக்குத்தான்னு அண்ணன் சொன்னாருல்ல? அடுப்படிக்கே வந்துருச்சு பாருங்க!” என்றார் பெல்காசெம். வந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். நவால் சிரிக்கவில்லை.

இத்தனை வருடம் சுவரோரம் ஓடியும் ஒரு பொறி நமக்கு வரவில்லை. இந்தக் குளிருக்கும் ஏழு சிலிண்டர், கழுதை மேல்தான் வந்தன.

அளந்தவர்களில் மூத்தவர் இரக்கமுள்ளவர். “வீட்டுக்காரர் நேர்ல வந்து மனு குடுத்தா கொஞ்சம் தள்ளிப் போடலாம்மா. நோன்பு தொடங்கிட்டா எங்க கையில இல்ல” என்றார். நிலம் உங்கள் பெயரில் இருக்கிறது. மலை வந்தால் குழாய் வளையும் என்று வெல்டரான நீங்கள்தானே சொன்னீர்கள்? நம் வீட்டுக்கும் வளையாதா? அல்லாஹ்வுக்காக வாருங்கள்.

ஹூரியா

அர்ஸூ,
2 ஏப்ரல் 1988

ஹூரியாவுக்கு ஸலாம்.

மலைக்கு வளையும், மண் வீட்டுக்கு வளையாது. மூன்றாவது குழாய் கடலுக்கு வந்து சேர்வதற்குள் இங்கே துறைமுக எரிவாயு ஆலையில் வேலை முடிய வேண்டும். லீவு இல்லை. கொடுக்கிற இழப்பீட்டை வாங்கிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போ. நவாலுக்கு ஒரு சட்டை அனுப்பியிருக்கிறேன்.

நீ சிலிண்டரோடு படும் பாடு எனக்கும் கஷ்டம்தான். இங்கே அடுப்புக் குமிழைத் திருப்பினால் போதும், குழாயில் கேஸ் வரும். நான் தொழுது எழுவதற்குள் டீயும் தயார், சூடான ரொட்டியும் தயார்.

லக்தர்

தியாரெத் அருகே,
5 மே 1988

பிஸ்மில்லாஹ்.

நவாலின் வாப்பாவுக்கு ஸலாம்.

நோன்பின் முதல் வாரத்திலேயே வீட்டை இடித்துவிட்டார்கள். அடுப்பை மட்டும் நானே கழற்றி எடுத்துக்கொண்டேன். பெல்காசெம் வீட்டுப் பின்னறையில் இருக்கிறோம். அவர் மனைவி சமைத்து முடித்த பிறகு நம் சூப்பை வைக்கிறேன்.

குழாயைக் குழிக்குள் இறக்கியதை நவால் பார்த்துவிட்டு வந்தாள். “உம்மா, இது வாப்பா இருக்கிற ஊருக்கா போகுது?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவளுக்கு இப்போது பதினாறு வயது. நீங்கள் அனுப்பிய சட்டை தோளில் ஏறவில்லை.

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நீங்கள் தங்கும் தொழிலாளர் முகாமில் எல்லோருக்கும் ஒரே உணவுக்கூடம், அறையில் அடுப்பு வைக்க விடமாட்டார்கள் என்று முன்பு நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் தொழுது எழுவதற்குள் ரொட்டி சுட்டு வைப்பது யார்? இன்னொரு நிக்காஹ் செய்துகொண்டீர்களா? கோபப்பட மாட்டேன் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனாலும் தொழுது முடித்துக் கேட்கும் துஆவில் உங்கள் பெயரை இன்னும் விடவில்லை. விடலாமா என்று தெரிய வேண்டும்.

தம்பி வீட்டு முகவரிக்குச் சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

ஹூரியா