சன்னாசி மாஸ்டரின் சொந்தப் பாட்டு

ஜனவரி 16, வியாழன்

காலை ஷிஃப்ட். பேக்கிங் லைன் ரெண்டு தடவை நின்றுவிட்டது. பத்து மணிக்குப் போனைத் திறந்தால் முதல் மெசேஜே அதுதான். ஈஜோக் சன்னாசி மாஸ்டர் தவறிவிட்டார். மாரடைப்பு. அறுபத்து மூன்று வயது.

டாய்லெட்டுக்குப் போய் அழுதுவிட்டு வந்து மறுபடி பெட்டி ஒட்டினேன்.

ஜனவரி 17

ஈஜோக்கில் சாவு வீடு, மோட்டார் சைக்கிள் நிறுத்தக்கூட இடமில்லை. கீபோர்டு, சாக்ஸபோன், உறுமி, பாட்டு, அறிவிப்பு எல்லாம் மாஸ்டர் ஒரே ஆள். ஆறு நாள் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுவார், ஏழாம் நாள் கல்யாண மேடை. அவருக்கு வாசிக்க மூன்று உறுமிக் குழு வந்து, யார் முதலில் என்று சண்டை. அவர் மனைவி நவமணி அக்கா எழுந்து வந்து, "மூணு பேருமே வாசிங்கடா, அவரு கேக்கட்டும்" என்றார். மூன்று குழுவும் சேர்ந்து வாசித்தார்கள்.

ஜனவரி 19, ஞாயிறு

ஹாஜா பாய் கடையில் ரசிகர்கள் கூடினோம். பிப்ரவரி 22, பத்தாங் பெர்ஜுந்தாய் டேவான் மண்டபத்தில் நினைவு நிகழ்ச்சி. சாப்பாடு பாய் பொறுப்பு. மாஸ்டர் குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் தீபன், கோலாலம்பூரிலிருந்து ஒரு பாடகரைக் கூப்பிட்டுவிட்டானாம். ராத்திரி முழுக்க சினிமாப் பாட்டு.

"மாஸ்டரோட சொந்தப் பாட்டு?" என்றேன்.

"அவருக்கு ஏதுக்கா சொந்தப் பாட்டு? வாழ்க்கை பூரா சினிமாப் பாட்டுதானே வாசிச்சாரு."

எனக்கு வந்ததே கோபம்! இவன்கள் எல்லாம் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது மாஸ்டர் என்ன செய்வார் தெரியுமா? பொண்ணு மாப்பிள்ளை பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மைக் இல்லாமல், அவர்கள் பேர் வைத்துக் கட்டிய பாட்டை ஒரே ஒரு தடவை பாடுவார். எழுதிய தாளைப் பொண்ணு கையில் கொடுத்துவிட்டுப் போவார். அதெல்லாம் பாட்டில்லையா?

"அப்ப கொண்டு வாங்கலா, பாப்போம். இருபது பாட்டு. இல்லன்னா சினிமாப் பாட்டுதான்."

கொண்டு வருகிறேன்டா.

ஜனவரி 20

எல்லா குரூப்பிலும் என் நம்பரைப் போட்டுவிட்டேன். கல்யாணத் தாள், வீடியோ, எது இருந்தாலும் அனுப்புங்கள் என்று.

என் பாட்டு? 2004, என் கல்யாணம். "இந்த மெட்டு உனக்கு மட்டும்தாம்மா" என்றார். கார்த்திகேசு என்னை விட்டுப் போய்ப் பதினொரு வருஷம். தாளை அவர் போன அன்றைக்கே கிழித்துப் போட்டேன். பாட்டு என்னவோ மறக்கவில்லை. சமைக்கும்போது வந்துவிடும்.

ஜனவரி 28

பதினாலு தாள் வந்தாச்சு. ஒருத்தர் லேமினேட் செய்து வைத்திருக்கிறார். எல்லாரும் "எங்க பாட்டு ஸ்பெஷல்" என்கிறார்கள். மெட்டு எப்படி என்று கேட்டால் போனில் பாட வெட்கம். ஒன்பது சிடி வேறு. போட்டுப் பார்க்க ஒரு வீட்டிலும் பிளேயர் இல்லை.

பிப்ரவரி 2

மோகனா மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். கார்த்திகேசு இரண்டாவதாகக் கட்டியவள். கோலா குபு பாருவில் இருக்கிறார்கள்.

"அக்கா, அனுப்பலாமா வேணாமான்னு ஒரு வாரம் யோசிச்சேன். எங்க பாட்டையும் சேத்துக்குவீங்களா?" கூடவே தாளின் போட்டோ, ஒரு வீடியோ.

பாத்திரம் கழுவினேன். துணி காயப்போட்டேன். அப்புறம் திறந்தேன்.

மாஸ்டர் தொடையில் தாளம் போட்டுப் பாடுகிறார். முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. என் மெட்டு. வார்த்தை வேற, மெட்டு என்னோடது. மாப்பிள்ளை பேரு அதே பேரு. என் பேர் இருந்த இடத்துல அவ பேரு.

ஏன் மாஸ்டர்? அந்தாளு செஞ்சது போதாதா, நீங்களுமா?

பிப்ரவரி 3

வேலைக்குப் போகவில்லை. ஹாஜா பாய் வீட்டுப் பரணில் பழைய பிளேயர் இருந்தது. கடையிலேயே மாட்டி ஒன்பது சிடியையும் போட்டேன்.

அஞ்சாவதிலேயே பாய் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். "ஏம்மா, ஒரே சிடியவே திருப்பித் திருப்பிப் போடுற?"

இல்லை பாய். வேற வேற கல்யாணம். ஒன்பதும் அதே மெட்டு.

சிரிப்பதா அழுவதா! அப்போ அந்த லேமினேட் மனுஷன்? அவரிடமும் இதையே சொல்லியிருப்பாரா?

பிப்ரவரி 5

தீபன் சொன்னதுதான் சரியோ. விட்டுவிடலாமா.

பிப்ரவரி 8, சனி

விடவில்லை. நவமணி அக்காவிடமே போய்க் கேட்டுவிட்டேன். சாவு வீட்டில் கேட்கிற கேள்வியா, ஆனாலும் கேட்டேன்.

சிரித்துவிட்டார். "எனக்குத் தெரியாதா? நானும் கேட்டிருக்கேன், ஏன் எல்லார்கிட்டயும் பொய் சொல்றீங்கன்னு. 'எனக்கு வந்த நல்ல மெட்டு அது ஒண்ணுதான் நவமணி. அத விட மட்டமானத அந்தப் பிள்ளைங்களுக்கு எப்படிக் குடுக்கறது'ன்னாரு. வார்த்தைய மட்டும் ஒவ்வொருத்தருக்கும் ராவெல்லாம் உக்காந்து எழுதுவாரு."

"முதல்ல யாருக்குப் போட்டாரு?"

"எனக்குத்தான்" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வரும் வழியெல்லாம் கோபம் இருந்தது. பொய் பொய்தானே. ஆனால் அந்த மெட்டு நல்ல மெட்டு. அது பொய் இல்லை. தீபன் இருபது கேட்டான், இருப்பது ஒன்று. அந்த ஒன்றை அந்த டேவானே கேட்க வைக்காமல் நான் விடப்போவதில்லை.

பிப்ரவரி 9

"மானம் போயிடும்க்கா! ஏமாத்திட்டாருன்னு ஜனங்க கத்துவாங்க!" என்று குதித்தான் தீபன்.

"கத்தட்டும். நானே மேடையேறிச் சொல்றேன். நீ டிரம்ஸ மட்டும் வாசி."

ஒரு மணி நேரம் சண்டை. பாடகருக்கு முன்னால் அரை மணி தருகிறானாம். போதும்.

பிப்ரவரி 21

பாட்டு நாற்பத்தொன்று. மேடையில் பேர் படிக்கப் பட்டியல் எழுதினேன். நாற்பது ஜோடி எழுதியாச்சு. மோகனாவுக்கு இன்னும் பதில் போடவில்லை. கை வரவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

நேற்று நடந்ததை எழுதிவிட வேண்டும்.

டேவான் நிறைந்து வெளியேயும் ஆட்கள். மைக்கைப் பிடித்து, "நான் அமராவதி. இந்த மெட்டு எனக்கு மட்டும்னு மாஸ்டர் சொன்னாரு. பொய்" என்றேன். என் பாட்டைப் பாடினேன். அந்தாள் பேர் வருகிற இடத்தில் என் பேரையே இன்னொரு தடவை போட்டுக்கொண்டேன்.

ரெண்டாவது வரியிலேயே ஒருத்தி எழுந்தாள். "ஐயோ, அது எங்க பாட்டு!" உடனே இன்னொரு பக்கம், "எங்களோடது!" லேமினேட் மனுஷன் தாளைத் தூக்கிக்கொண்டு மேடைக்கே வந்துவிட்டார். "என்னம்மா இது? எங்ககிட்ட அப்படிச் சொல்லலையே!" நான் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "பாடுங்கண்ணே" என்றேன். முறைத்தார். அப்புறம் பாடினார். பாதியில் அவர் மனைவிக்குச் சிரிப்பு வந்து, அது டேவான் முழுக்கப் பரவிவிட்டது.

நான் பேர் படிக்கப் படிக்க ஜோடி ஜோடியாக எழுந்து ரெண்டு ரெண்டு வரி பாடினார்கள். வார்த்தை எல்லாம் வேறு, மெட்டு ஒன்று. தீபன் டிரம்ஸ் வாசித்துக்கொண்டே அழுகிறான். கோலாலம்பூர் பாடகர் ஓரமாக நின்று போனில் பிடித்துக்கொண்டிருந்தார். நவமணி அக்கா முன் வரிசையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

நாற்பது முடிந்தது. தாளை மடிக்கப் போனேன். கடைசிக் கதவோரம் அவர்கள் ரெண்டு பேர். நான் பதிலே போடவில்லை, வந்திருக்கிறார்கள். கார்த்திகேசு தரையைப் பார்க்கிறார். மோகனா என்னைப் பார்க்கிறாள், கையில் தாள்.

மாஸ்டர் பாட்டில் ஒன்றை நான் மறைத்தால் அப்புறம் நான் என்ன ரசிகை?

"கார்த்திகேசு, மோகனா" என்றேன். நல்லா சத்தமாவே சொன்னேன்.

பிப்ரவரி 26

தீபன் வந்தான். பாட்டை எல்லாம் புத்தகமாகப் போடுகிறானாம். அட்டையில் 'மெட்டும் பாட்டும்: ஈஜோக் சன்னாசி' என்று அவனே எழுதிக்கொண்டு வந்திருக்கிறான். நானா எழுதச் சொன்னேன்?

மோகனாவுக்குப் பதில் போட்டேன். "தாளை வெளிச்சத்துல வச்சு இன்னொரு போட்டோ எடுத்து அனுப்பு. மடிப்புல ஒரு வரி தெரியல. அச்சுக்குப் போகுது."