இதைவிடப் பெரிய புத்தகம்

கம்பைநல்லூர்,
வியாழக்கிழமை.

அன்புள்ள நிர்மலாவுக்கு,

குரு எழுதுவது. நானும் வெண்மதியும் வேளைக்குச் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். உன் உடம்பும் மனசும் முன்பைவிடத் தெளிந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் எழுதத் தொடங்குகிறேன். போனைக் கொடுத்தால் நீ ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுகிறாய் என்றும், என் கடிதத்தை மட்டும் கையிலேயே வைத்திருக்கிறாய் என்றும் வார்டு நர்ஸம்மா சொன்னார். அதனால் இனி கடிதம்தான். என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிப்பாயே, இப்போதும் சிரித்துக்கொள்.

இங்கே மழை இல்லை. தக்காளி விலை விழுந்துவிட்டது என்று பலரும் பறிக்காமல் செடியிலேயே விட்டுவிட்டார்கள். வண்டிக்கு லோடு குறைவு. வெண்மதிக்குத் தலை பின்னிவிடுவது பக்கத்து வீட்டு சாலம்மாள் அக்காதான். நீ ஓசூரில் உன் அக்கா வீட்டில் இருப்பதாக ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். தொட்டில் சேலையை அவிழ்த்துத் துவைத்து, கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட்டேன். பெயர் வைப்பதற்குள் போய்விட்ட பிள்ளைக்காக நீ அழுததை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். நானும் அழுதேன், வண்டி ஓட்டிக்கொண்டே.

இப்போது எழுத வந்தது புத்தக விஷயம். இதற்கா இவ்வளவு பீடிகை என்று நினைக்காதே. எனக்கு வழி தெரியவில்லை, நிர்மலா.

ஆஸ்பத்திரிக்குப் போக உன்னைக் காரில் ஏற்றிய அன்று வெண்மதி உன் சேலையை விடவே இல்லை. இன்னொரு கையில் நீ வாங்கித் தந்த அணில் கதை. எப்போதும்போல முதல் அத்தியாயத்தை நீ படித்துக்காட்டிவிட்டு, மீதியை அவளே படிக்கட்டும் என்று விட்டிருந்தாய். அவள் விரல்களைப் பிரித்துக்கொண்டே, "இத நீ முடிக்கறதுக்குள்ள அம்மா வந்துடுவேன் சாமி" என்றாய். அந்த நேரத்துக்கு வாயில் வந்தது அது. நானாக இருந்தாலும் அப்படித்தான் ஏதாவது சொல்லியிருப்பேன்.

பிள்ளை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. சீக்கிரம் முடித்தால் நீ சீக்கிரம் வருவாய் என்று, உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல் படித்தாள். முடித்துவிட்டு வாசலில் போய் நின்றாள். பொழுது சாய்ந்த பிறகு உள்ளே வந்து, "அது சின்ன புக்குப்பா. பாவம் அம்மா, அதுக்குள்ள எப்படி வர முடியும்? வேற வாங்குப்பா" என்று எனக்கே சமாதானம் சொன்னாள்.

அங்கேதான் என் புத்தி கெட்டது. அடுத்ததைக் கொஞ்சம் பெரிதாக வாங்கினேன். அதையும் முடித்துவிட்டு வாசலில் நின்றாள். அதற்கும் அடுத்ததை முடித்துவிட்டும் நின்றாள். அந்த நிற்பை என்னால் பார்க்க முடியவில்லை. தர்மபுரி புத்தகத் திருவிழாவில் கடைக்காரப் பெண் வயதைக் கேட்டு, தானாகப் படிக்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கு என்று நல்ல நல்ல புத்தகமாக எடுத்துப் போட்டார். பெரிய எழுத்து, சின்னச் சின்ன அத்தியாயம், நடுநடுவே படம். நான் ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்து, "இதவிட பெருசா இல்லீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். தக்காளிக் கூடை தூக்கிப் பழகிய கைக்கு வேறென்ன தெரியும்? கடைசியில் ராஜா காலத்துக் கதை ஒன்று, செங்கல் கனம், பொடி எழுத்து, அதை வாங்கினேன். எனக்கென்று நினைத்துத்தான் அவர் பையில் போட்டிருப்பார். இது தீர்வதற்குள் நீ நிச்சயம் வந்துவிடுவாய் என்று நிம்மதியாக வண்டியை எடுத்தேன்.

நீ அவளுக்குப் பழக்கியிருக்கிறாயே, புதுப் புத்தகத்தில் ஒரு பக்கம் படித்து, தெரியாத சொல்லுக்கு ஒரு விரலை மடக்க வேண்டும், ஐந்தும் மடங்கினால் இந்தப் புத்தகம் இப்போது வேண்டாம் என்று. முதல் பக்கத்தில் பாதிகூடத் தாண்டவில்லை, இரண்டு கையும் மூடிக்கொண்டன. ஆனாலும் கீழே வைக்கவில்லை. தினமும் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள் என்னிடம் வந்து, "பக்கத்த மட்டும் திருப்புனா படிச்ச கணக்குல வருமாப்பா?" என்று கேட்டாள். நான் வாளியை எடுத்துக்கொண்டு வண்டி கழுவப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை சோபனா டீச்சர் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டு அனுப்பினார். முன்பெல்லாம் ஒரு புத்தகம் கொடுத்தால் அடுத்தது எங்கே என்று கேட்கிற பெண், இப்போது பாடப் புத்தகத்தைத் திறக்கச் சொன்னாலே அழுகிறாளாம். ஏன் என்று கேட்டதற்கு, "எனக்குப் படிக்கத் தெரியல டீச்சர். அதனாலதான் எங்கம்மா வரல" என்றாளாம். டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை, என் முகத்தையே பார்த்தார். அத்தனை பிள்ளைகளுக்கு நடுவில் நான் என்னவென்று சொல்வேன்? நின்ற இடத்திலேயே புதைந்துவிடலாம் போல இருந்தது.

பள்ளி நூலகத்திலிருந்து மூன்று மெல்லிய புத்தகங்களைக் கொடுத்து, "கையில எடுத்தா இன்னிக்கே முடிச்சிடலாம்னு பிள்ளைக்குத் தோணணும்ங்க. இந்த வயசுக்கு அதுதான் புக்கு" என்றார். அவர் சொல்வது சரிதான். ஆனால் இன்றைக்கே முடித்துவிட்டால் நாளைக்கு அவள் எங்கே நிற்பாள் என்று எனக்குத் தெரியுமே. கொடுத்தால் வாசல், கொடுக்காவிட்டால் அந்தச் செங்கல். மூன்றும் அலமாரி மேல் கிடக்கின்றன. அவள் அண்ணாந்து அண்ணாந்து பார்க்கிறாள், கேட்கவில்லை.

டாக்டரைக் கேட்டால் நாள் சொல்ல முடியாது என்கிறார். நீ சொல். நாள் வேண்டாம், எத்தனை அத்தியாயம் என்று சொல். அந்த அளவுக்கு வாங்கிவிடுகிறேன். எழுத முடியாவிட்டால் விரலை மடக்கி நர்ஸம்மாவிடம் காட்டு, அவர் எனக்குச் சொல்வார்.

அதுவும் முடியாது என்றால் எனக்குக் கோபமில்லை. வெண்மதிக்கு ஒரே ஒரு வரி எழுது. அம்மா வருவதற்கும் புத்தகம் முடிவதற்கும் சம்பந்தமில்லை, நீ ஆசைப்பட்டதைப் படி என்று எழுது. நான் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாள். வாக்குக் கொடுத்தது நீ, நீதான் அவிழ்த்துவிட வேண்டும். உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன். நம்மிடம் இருப்பது இந்த ஒரு பிள்ளை.

அந்தச் செங்கல் புத்தகத்தை நேற்றுதான் அவளிடமிருந்து வாங்கி வண்டியில் போட்டுக்கொண்டேன். லோடுக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஒரு பக்கம், இரண்டு பக்கம் பார்க்கிறேன். எனக்கும் விரல் மடங்கத்தான் செய்கிறது. பாடப் புத்தகத்தைத் தவிர எதையும் முழுதாகப் படிக்காதவன் என்று நீ கேலி செய்வாயே, அந்த ஆள்தான். மெதுவாகத்தான் படிப்பேன், அவசரமில்லை. மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொள், ஒரு வாயாவது சாப்பிடு. கடவுள் உன்னை நல்லபடியாக எழுப்பி உட்கார வைக்கட்டும்.

இதை நான் முடிப்பதற்குள் வந்துவிடு நிர்மலா.

உன்,
குரு