கௌரிக்கு வந்த போன்

என்னங்க,

இருந்தபோதே உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இப்போது மட்டும் வாய் வந்துவிடுமா? நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் இதை வெளிப்படையாக எழுதுகிறேன். உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்ம கௌரி இப்போது துணைத் தாசில்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி ஒரு ஆபீஸ். எது என்று எழுத வேண்டாம் என்கிறாள். ஜீப்பில் வந்து இறங்குவாள் என்று கனவு கண்டீர்களே, இன்னும் பஸ்தான்.

போன மாதம் அவள் எல்லைக்குள் மில் பெண்கள் கூலி கேட்டு ரோட்டில் உட்கார்ந்தார்கள். போலீஸ் அடித்தது. அதில் ஒரு பெண் மதுரை ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை. கௌரி அன்றைக்கு அந்தப் பக்கமே போகவில்லை, முழுநாளும் ஆபீசில்தான் இருந்தாள்.

மறுநாள் காலையில் போன் வந்தது. எடுத்தவள் முகம் செத்துப்போயிற்று. ஸ்பீக்கரில் போட்டு அடுப்பு மேடையில் வைத்தாள், மிக்சியை நிறுத்து என்று எனக்குச் சைகை காட்டினாள். பேசியது பெரிய அதிகாரி. எவ்வளவு பிரியமாகப் பேசினார் தெரியுமா? சாப்பிட்டாச்சாம்மா என்றுதான் ஆரம்பித்தார். அப்புறம் விஷயத்துக்கு வந்தார். கூட்டத்தைக் கலைக்கச் சொல்லி கௌரியே அங்கு நின்று உத்தரவு போட்டதாக, முந்தின நாள் தேதியில் ஒரு கையெழுத்து வேண்டுமாம். மேலிடத்தில் எதிர்பார்க்கிறார்களாம். எந்த மேலிடம்? அதற்குப் பேரே கிடையாது போலிருக்கிறது.

ஏட்டையா மகளாயிற்றே அவள். நீங்கள் பிடித்த லாரியை விடச் சொல்லிவிட்டு, நான் சொல்லவே இல்லை என்று ஒரு அதிகாரி கைவிரித்தாரே, நீங்கள் சஸ்பெண்டாகி வீட்டில் கிடந்தீர்களே. அதன்பிறகு எந்த உத்தரவு வந்தாலும் பக்கத்தில் இருப்பவர் காதில் விழும்படி திருப்பிச் சொல்வீர்கள். நானும் கௌரியும் கேலி செய்வோம். அன்றைக்கு அவள் அதைத்தான் செய்தாள்.

"அய்யா, நேத்து நான் அங்க இல்லை. இருந்த மாதிரி, நேத்து தேதியில கையெழுத்துப் போடச் சொல்லுதீக. அப்படித்தானங்கய்யா?"

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டார்.

பிறகு யாருமே கூப்பிடவில்லை. திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். ஆபீசில் அவளிடம் பேச்சைக் குறைத்துவிட்டார்கள். நம் வீட்டெதிரே பைக்கில் ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான், கேட்டால் சிரிக்கிறான். இப்போது கதையே மாறிவிட்டது. கௌரிதான் வாயால் உத்தரவு கொடுத்தாளாம், பயந்துபோய் மறுக்கிறாளாம். விசாரணை வைத்திருக்கிறார்கள். போன் வந்தபோது அம்மாவும் பக்கத்தில் நின்று கேட்டாள் என்று கௌரி எழுதிக் கொடுத்திருக்கிறாள். அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பழி யார் தலையில் விழும்?

கட்சியில் இருக்கிற என் தம்பி வந்தான். காப்பியைத் தொடவில்லை. என் முகத்தைப் பார்க்காமலேயே பேசினான்.

"எக்கா, ஒன்னையும் கூப்பிடுவாக. காது மந்தம், ஒண்ணுங் கேக்கலைன்னு சொல்லிரு. பொறவு அவிய பாத்துக்கிடுவாக. இல்லைன்னா என்னால எதும் செய்ய முடியாது."

மிரட்டவில்லை, அவனும் பயந்துதான் சொன்னான். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. சாயங்காலம் அவள் பஸ்ஸை விட்டு இறங்கி வாசலுக்கு வரும்வரை என் உயிர் என்னிடம் இல்லை. அவளோ என்னிடம் எதையும் கேட்கவில்லை. சொல் என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை என்னை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். விசாரிக்கப்போவது யார் தெரியுமா? போனில் பேசிய அதே அதிகாரி.

போகிறேன். அவருக்கு எதிரே உட்கார்ந்து, அவர் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் அவரிடமே திருப்பிச் சொல்வேன். சாப்பிட்டாச்சாம்மா என்று கேட்டதையும் சேர்த்துத்தான். இது உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு.

எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது.

உங்கள் வீட்டுக்காரி,
கௌரியின் அம்மா,
இராஜபாளையம்.